ரைன் கரையோரம் – 17: நாப்பத்து மூணு ஓட்டை

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரல. தீசிஸ் ஆணி. புடுங்கப் புடுங்க முளைக்குது. ஜெர்மன் ஆபீஸ்ல ஒரு காகிதம் வாங்கின வீரவரலாறு ரெண்டாம் பாகம் எங்கேன்னு கேட்டவங்க (ரெண்டு பேர், அதுல ஒருத்தர் எங்க சித்தப்பா) கொஞ்சம் பொறுத்துக்கணும். இந்த வாரம் ஸ்டிக்கர் கதை. சின்னப் பசங்க சமாச்சாரம்தானேன்னு நினைக்காதீங்க, இதுல நான் ஒரு பத்து செகண்ட் கெட்டவனா ஆன கதையும் இருக்கு.

பான்ல ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும், மாசாமாசம் மூணாவது சனிக்கிழமை, ரைனாவெ பூங்காவுல பழைய சாமான் சந்தை நடக்கும். ஜெர்மன்ல ஃப்ளோமார்க்ட். 1979-ல ஒரு பெரிய தோட்டக் கண்காட்சிக்காக ரைன் நதிக்கரையில உருவாக்கின பூங்கா அது. 66-ம் நம்பர் ட்ராம் பிடிச்சா வாசல்ல இறக்கி விட்டுரும். நம்ம மூர் மார்க்கெட், குஜிலி பஜார் பத்தியெல்லாம் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்களே, அதைப் புல்தரையில விரிச்சு வெச்ச மாதிரி. கோட்டு, குக்கர், கேமரா, பாட்டி காலத்துப் பீங்கான், ஒத்தை ஷூ... எல்லாம் கிடைக்கும். மாணவர்கள் பாதிப் பேர் வீட்டு சாமான் இங்க வாங்கினதுதான். நானும் 2025 மே மாசம் ஒரு டேபிள் லாம்ப் வாங்கத்தான் போனேன். லாம்ப் வாங்கல.

ஒரு அம்மா விரிச்சிருந்த போர்வையில, பழைய லெகோ டப்பாவுக்குக் கீழ ஒரு ஆல்பம். பனினி, 2022 கத்தார் உலகக் கோப்பை. தெரியாதவங்களுக்கு: கால்பந்து வீரர்கள் படம் போட்ட ஸ்டிக்கர் பாக்கெட்ல வரும். பாக்கெட்டுக்குள்ள யார் இருக்காங்கன்னு பிரிக்கிற வரைக்கும் தெரியாது. ஆல்பத்துல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கட்டம். கட்டத்தை நிரப்பணும். அவ்வளவுதான் விளையாட்டு. அமெரிக்காவுல பேஸ்பால் கார்டு எப்படியோ ஜெர்மனியில இது அப்படி. உலகக் கோப்பை வருஷம் வந்தா போதும், வேலைக்குப் போற பெரிய ஆளுங்ககூட மதியச் சாப்பாட்டு மேசையில படம் மாத்திக்கிட்டு இருப்பாங்க. ஹனூட்டா, டுப்ளோன்னு சாக்லேட் வேஃபர் வாங்கினாக்கூட போட்டி சமயத்துல உள்ள ஜெர்மன் வீரர் படம் இருக்கும்.

அந்த ஆல்பம் 32 டீம், டீமுக்கு 20, அது போக ஸ்பெஷல் 30, ஆக 670 கட்டம். புரட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட முடிஞ்ச ஆல்பம். அங்கங்க மட்டும் வெள்ளைக் கட்டம். அந்தம்மாகிட்ட விலை கேட்டா, "அஞ்சு யூரோ. பையன் சேர்த்தது. இப்ப பதினாலு வயசு, இதெல்லாம் வேணாமாம்"னாங்க. மூணுக்குக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு ரெண்டுக்கே குடுத்துட்டாங்க. என் மூஞ்சியில என்ன தெரிஞ்சுதோ.

ட்ராம்ல உக்காந்து ஓட்டையை எண்ணினேன். நாப்பத்து மூணு.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி. விருதுநகர், 2012 வாக்கு, எனக்குப் பத்துப் பதினோரு வயசு. ஸ்கூல் வாசல் அண்ணாச்சி கடையில ஸ்லாம் அட்டாக்ஸ் பாக்கெட். மல்யுத்த வீரர் படம் போட்ட கார்டு. ஜான் சீனா, ரே மிஸ்டீரியோ, அண்டர்டேக்கர். பாக்கெட்டைத் தடவிப் பார்த்தே உள்ள பளபளா கார்டு இருக்கான்னு சொல்ற வித்தகர்கள் எங்க கிளாஸ்ல ரெண்டு பேர் இருந்தாங்க. (ஒரு தடவைகூட சரியாச் சொன்னதில்ல. ஆனாலும் ஃபீஸா ஒரு கார்டு வாங்கிக்குவாங்க.) பஸ் காசை மிச்சம் பிடிச்சு நடந்து போய் நான் சேர்த்தது நூத்து நாப்பதுக்கு மேல. ஒருநாள் கணக்கு பீரியட்ல டெஸ்க்குக்கு அடியில வியாபாரம் பேசுறப்ப மாட்டினேன். ரப்பர் பேண்டு போட்ட கட்டு அப்படியே மேசை டிராயருக்குப் போச்சு. "பரீட்சை முடிஞ்சு வாங்கிக்கோ"ன்னார் சார். பரீட்சை முடிஞ்சது, அந்த சார் வேற ஊருக்கு மாறிப் போனார், கார்டு வரவே இல்ல. அண்டர்டேக்கர் மட்டும் என்கிட்ட நாலு இருந்துச்சுங்க.

சித்தப்பாவுக்கு போன்ல இதைச் சொன்னா, அவர் அதுக்கு மேல. அவர் காலத்துல பிக் ஃபன் பபிள்கம். 1987 உலகக் கோப்பை சமயம். உள்ள வர்ற கிரிக்கெட் வீரர் படத்துல இத்தனை ரன், இத்தனை விக்கெட்டுன்னு போட்டிருக்குமாம். ரன் சேர்ந்தா, வேகமாப் புரட்டினா பேட்ஸ்மேன் அடிக்கிற மாதிரி தெரியற குட்டிப் புத்தகம் தருவாங்களாம். "சேப்பாக்கத்துல ஆஸ்திரேலியாகிட்ட ஒரே ஒரு ரன்ல தோத்தோம் பாரு, அன்னிக்கு என்கிட்ட டிரவுசர் பை நிறைய ரன் இருந்துச்சுடா"ன்னு இன்னமும் பொலம்புறார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாப்பத்து மூணுதானே, என்ன பெரிய விஷயம்னு நினைச்சேன். என் கூட தங்கியிருக்கிறது ஒரு கணக்குப் புலி. கும்பகோணத்துக்காரன், ராமானுஜன் ஊர்ங்கிறதால பாதி மூளை தனக்கும் வந்துட்டதா ஒரு நினைப்பு. சோறு வெந்துக்கிட்டு இருக்கிறப்ப பால் கவர் பின்னாடி போட்டுக் காட்டினான்.

2022-ல பாக்கெட் ஒரு யூரோ. உள்ள அஞ்சு படம். ஆரம்பத்துல எந்தப் படம் வந்தாலும் புதுசு, ஜாலியா இருக்கும். பாதி ஆல்பம், அதாவது 335 கட்டம், சராசரியா 464 படத்துல ரொம்பிடும். 93 பாக்கெட். அதுக்கப்புறம்தான் கத்தி. ஒரே ஒரு படம் பாக்கின்னு வெச்சுக்கங்க, எடுக்கிற படம் அதுவா இருக்க 670-ல ஒரு வாய்ப்பு. சராசரியா 670 படம் பிரிக்கணும். 134 பாக்கெட், 134 யூரோ, ஒரு தம்மாத்துண்டு ஸ்டிக்கருக்கு. மொத்த ஆல்பத்தையும் யார்கிட்டயும் மாத்தாம தனியா முடிக்கணும்னா சுமார் 4750 படம், 950 யூரோ. என்னோட 43 ஓட்டைக்கு மட்டும் 583 யூரோ. இந்த ஊர்ல என் ரூம் வாடகையே அதை விடக் கம்மி!

அதாவது முதல் 627 படத்துக்கு ஆகிற செலவை விட கடைசி 43-க்கு ஆகிற செலவு அதிகம். இதுல கம்பெனி ஏமாத்து வேலை எதுவும் இல்லைங்கிறதுதான் வேடிக்கை. மெஸ்ஸி படத்தைக் கம்மியா அடிக்கிறான், எதிர் டீம் கோல்கீப்பரை மூட்டை மூட்டையா அடிக்கிறான்னு எல்லா ஊர்லயும் ஒரு வதந்தி உண்டு. ஜெனீவா பல்கலைக்கழகக் கணக்கு ஆசிரியர்கள் ரெண்டு பேர் 2010 உலகக் கோப்பை சமயத்துல ஆயிரக்கணக்குல படம் வாங்கிப் பிரிச்சு எண்ணியே பார்த்துட்டாங்க. எல்லாப் படமும் ஏறக்குறைய சமமாத்தான் வருதாம். நியாயமாவே பாக்கெட் போட்டாலும் கடைசிப் படம் வரவே வராது, அதான் அந்தத் தொழிலோட சூட்சுமம்.

தொழிலை ஆரம்பிச்ச கதையும் சுவாரசியம். இத்தாலியில மோடெனான்னு ஒரு ஊர். பனினி குடும்பத்துக்கு அங்க ஒரு பேப்பர் கடை. 1960-ல ஜுசெப்பேன்னு அண்ணன், பெனிட்டோன்னு தம்பி, வேற ஒரு கம்பெனியில விக்காமத் தேங்கிக் கிடந்த படங்களை மொத்தமா வாங்கி, ரெண்டு ரெண்டாக் கவர்ல போட்டு வித்தாங்க. அள்ளிக்கிட்டுப் போச்சு. அடுத்த வருஷமே சொந்தமா அச்சடிக்க ஆரம்பிச்சாச்சு. படத்தைக் கலக்கிப் போடுறதுக்காக இன்னொரு தம்பி உம்பெர்ட்டோ ஒரு மெஷினே கண்டுபிடிச்சார். ஃபிஃபிமாட்டிக்னு பேர். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில இருந்து ஆல்பம் உலகம் பூரா. ஒரு பெட்டிக்கடை ஐடியா! 2022 செப்டம்பர்ல அர்ஜென்டினாவுல ஸ்டிக்கர் தட்டுப்பாடு வந்து, கடைக்காரங்களையும் கம்பெனியையும் அரசாங்கமே கூப்பிட்டு வெச்சுப் பேச வேண்டியதாப் போச்சுன்னா பார்த்துக்கங்க.

பான்லயும் இந்தப் பாக்கெட் விக்கிறது நம்ம பெட்டிக்கடை மாதிரி கடைகள்லதான். இந்தப் பக்கம் ப்யூட்ஷென்னு செல்லமாச் சொல்வாங்க. சிகரெட், பேப்பர், பீர், மிட்டாய், ஸ்டிக்கர். ஆனா 2022 பாக்கெட் இப்ப எந்த ப்யூட்ஷென்லயும் கிடையாது. ஆக ஒரே வழி, அடுத்தவங்ககிட்ட இருக்கிறதை வாங்கணும், இல்லேன்னா மாத்திக்கணும்.

நெட்ல ஒருத்தர் முந்நூறு உதிரிப் படம் பத்து யூரோன்னு போட்டிருந்தார். வாங்கினேன். அதுல எனக்கு வேண்டியது 19. மீதி எல்லாம் டபுள், மாத்துறதுக்கு ஆகும். பாக்கி 24. இதோட ஜூன் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கொலோனுக்குப் போனேன். பான்ல இருந்து ரயில்ல அரை மணி நேரம். ஒரு சமுதாயக் கூடத்துல டவுஷ்ப்யோர்ஸெ, அதாவது மாத்திக்கிற சந்தை.

கொலோனுக்கும் இந்தப் பைத்தியத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. ஸ்டோல்வெர்க்னு அந்த ஊர் சாக்லேட் கம்பெனி 19-ம் நூற்றாண்டுலயே சாக்லேட் கூட படம் குடுத்து, 1890-கள்ல அதை ஒட்ட ஆல்பமும் போட்டுருச்சு. கூடத்துல முதல் வரிசை மேசையெல்லாம் அந்த மாதிரிப் பழசு. ரெண்டாவது மேசையில சிகரெட் ஆல்பங்கள். 1930-கள்ல சிகரெட் பாக்கெட்ல சீட்டு வரும், அதைச் சேர்த்து அனுப்பினா படம் வரும். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஆல்பம் ரொம்ப ஃபேமஸ். அது பக்கத்துலயே இன்னொண்ணு. அட்டையில ஒரு இடத்துல வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. என்னன்னு கேட்டேன். ஸ்வஸ்திகா இருக்காம், நாஜி சின்னத்தை வெளிய தெரிய வெச்சா சட்டச் சிக்கல், அதனால டேப். அதுவும் 1936-ல வந்ததுதான், ஹிட்லர் வாழ்க்கை பூரா படம் படமா, கட்டம் கட்டமா. விற்கிறவர் எந்த சங்கடமும் இல்லாம புரட்டிக் காட்டினார். எல்லாக் கட்டமும் ரொம்பியிருந்தது. ஒரு கட்டம்கூட பாக்கி இல்ல. யாரோ ஒரு பையன் அவங்க அப்பாவை இன்னும் ஒரு பாக்கெட், இன்னும் ஒரு பாக்கெட்டுன்னு நச்சரிச்சிருப்பான். குழந்தைக்குக் கட்டம் காலியா இருக்கிறது பொறுக்காதுன்னு தெரிஞ்ச எவனோ ஒருத்தன் ஆபீஸ்ல உக்காந்து யோசிச்சிருக்கான். என் பையில இருந்த ஆல்பத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கிட்டேன். அந்த மேசையில அதுக்கு மேல நிக்க முடியல.

நடு வரிசையில பெரிய ஆளுங்க. பிளாஸ்டிக் பெட்டியில சீல் வெச்ச கார்டு, பக்கத்துல போன்ல விலை நிலவரம். பங்குச் சந்தைதான். 1952-ல வந்த மிக்கி மேன்டில் பேஸ்பால் கார்டு ஒண்ணு 2022 ஆகஸ்ட்ல 12.6 மில்லியன் டாலருக்கு ஏலம் போனதை ஆளாளுக்கு இன்னும் பேசுறாங்க. அந்த 1952 கார்டுல விக்காம மிஞ்சினதை 1960 வாக்குல படகுல ஏத்திக் கடல்ல கொட்டினோம்னு டாப்ஸ் கம்பெனிக்காரர் சை பெர்கர் சொன்ன கதை வேற. கொட்டினதாலதான் மிச்சத்துக்கு இந்த விலை. ஒரு வியாபாரிகிட்ட படம் 25 சென்ட்னு 17 வாங்கினேன். நாலே கால் யூரோ. 583-க்குப் பதிலா நாலே கால். பாக்கி ஏழு.

கடைசி மூலையில தரையில விரிப்பு. அங்கதான் பசங்க. கையில கட்டு, வாயில மந்திரம்: "ஹாப் இஷ், ஹாப் இஷ், ஹாப் இஷ், ஃபேல்ட்!" இருக்கு, இருக்கு, இருக்கு, இல்ல! விருதுநகர் கிளாஸ் ரூம்ல நாங்க சொன்னது அதே ராகம், பாஷைதான் வேற.

அங்க ஒன்பது பத்து வயசுப் பையன் ஒருத்தன், தாத்தாவோட. 2022 டபுள்ஸ் ஒரு ஷூ பெட்டி நிறைய. என்னோட லிஸ்ட்டை நீட்டினேன். வரிசையாத் தள்ளிக்கிட்டே வந்தான். கேமரூன்ல ஒண்ணு, கானாவுல ஒண்ணு, ஈரான்ல ரெண்டு. நாலு! சந்தோஷத்துல, "நாலுக்கு இருபது தரேன், எடுத்துக்கோ"ன்னேன். என்னமோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரிப் பார்த்தான். ஒண்ணுக்கு ஒண்ணு. அதான் முறையாம். என் கட்டுல இருந்து அவனுக்கு வேண்டிய நாலை அவனே பொறுக்கினான். நிதானமா.

அப்ப பெட்டிக்கு அடியில ஒண்ணு மினுங்குச்சு. எம்பாப்பே. தங்க நிறம்.

அது ஆல்பத்துல ஒட்டுற 670-ல சேராது. 2022-ல எக்ஸ்ட்ரா ஸ்டிக்கர்னு இருபது வீரர்களை நாலு நாலு நிறத்துல போட்டாங்க, எப்பவாவது ஒரு பாக்கெட்ல கூடுதலா வரும். அதுல தங்கம்தான் ரொம்ப அபூர்வம். உலகக் கோப்பை சமயத்துல சிலதுக்கு நூத்துக்கணக்குல யூரோ கேட்டாங்க. அதை மூணு வருஷம் கழிச்சு, ஷூ பெட்டியில, கானா ஆட்டக்காரங்களோட போட்டு வெச்சிருக்கான் இந்தப் பொடியன். நாலு மேசை தள்ளி இருந்த ஒரு வியாபாரியும் பார்த்துட்டார். என்னைப் பார்த்து லேசாப் புருவத்தைத் தூக்கினார்.

பத்து செகண்ட்னு சொன்னேனே, இதான் அது. ஒண்ணுக்கு ஒண்ணு முறை. அவன் சொன்ன முறைதானே? "அதையும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்கலாமா"ன்னு கேட்டா முடிஞ்சது. ஜூலை மாசம் யுனிவர்சிட்டி ஃபீஸ் கட்டணும். பார்ட் டைம் வேலையில அந்த மாசம் மணி நேரம் குறைச்சுட்டாங்க. வாய்க்குள்ள வாக்கியம் ரெடி, இலக்கணப் பிழைகூட இல்லாம. (ஜெர்மன்ல எனக்கு இது அடிக்கடி நடக்காது.) இன்னொரு பக்கம் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு, ஒரு மேசை டிராயர்.

நான் கேக்கல. ரொம்ப நல்லவன்னு நினைச்சுடாதீங்க, முடிவு பண்ண நேரம் எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான். அப்புறம் தாத்தா பக்கம் திரும்பி மெதுவா, "அந்தத் தங்க ஸ்டிக்கரைப் பத்திரமா வைங்க, விலை அதிகம்"னு சொன்னேன். பெரிய தியாகி மாதிரி குரல் வேற.

தாத்தா சிரிச்சார். பையன் நிமிரவே இல்ல. எம்பாப்பே மேல கையை வெச்சு மூடிக்கிட்டு, "தெரியும். அது மாத்துறதுக்கு இல்ல. சும்மா காட்டுறதுக்கு. யாரெல்லாம் கேக்கிறாங்கன்னு பார்ப்பேன்"னான்.

பல்பு. மெகா பல்பு. நாலு மேசை தள்ளி இருந்த வியாபாரி ஏற்கெனவே வாங்கின பல்புன்னு அவர் புருவத்தோட அர்த்தம் அப்பத்தான் புரிஞ்சது :-)

இன்னிக்குக் காலையில இன்ன பேர் கேட்டாங்கன்னு விரல் விட்டு எண்ணிச் சொன்னான். ரெண்டு கையும் தேவைப்பட்டுச்சு. அந்தக் கணக்குல நான் வரேனான்னு கேக்கத் தைரியம் வரல.

ஆக பாக்கி மூணு. ஒரு செனகல், ஒரு சவுதி, ஒரு ஜெர்மனி. சொந்த நாட்டு ஆளே இந்த ஊர்ப் பையனுக்குக் கிடைக்கலை பாருங்க. ராத்திரி நாலையும் ஒட்டிட்டுப் புரட்டினப்பதான் ஆல்பத்துல ஸ்கோர் எழுதுற பக்கத்தைக் கவனிச்சேன். அந்தப் பையன் நீலப் பேனாவுல எழுதிட்டு வந்திருக்கான். நவம்பர் 23, ஜப்பான்கிட்ட 1-2 தோல்வி. 27, ஸ்பெயினோட 1-1. டிசம்பர் 1, கோஸ்டா ரிகாவை 4-2 ஜெயிச்சும் ஜெர்மனி முதல் ரவுண்டோட வெளிய. அதுக்கப்புறம் எதுவும் எழுதல. பதினொரு வயசுல அன்னிக்கு ராத்திரி பேனாவை மூடினவன் மறுபடி திறக்கவே இல்ல போல.

காலிறுதி, அரையிறுதி, மெஸ்ஸி கோப்பையைத் தூக்கின ஃபைனல், எல்லாக் கோடும் காலியா இருக்கு. கும்பகோணத்தான் எழுதிடலாம்ங்கிறான், அவன் பேனாவும் நீலம்தான். நான் ஆல்பத்தை அலமாரி மேல வெச்சுட்டேன்.

டிஸ்கி: என்கிட்ட 2022 டபுள்ஸ் 270-க்கு மேல இருக்கு. கத்தார் டீம் மட்டும் மூணு செட் தேறும். அந்த மூணுல ஒண்ணு உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க. ஒண்ணுக்கு ஒண்ணுதான்.